செவிலியரிடம் குறைவாக இருப்பது அறிவன்று, அதிகாரம்

ஏதேனும் ஒரு செவிலியர் கல்லூரி நூலகத்தில் முதுநிலை ஆய்வேடுகள் அடுக்கப்பட்டிருக்கும் பகுதிக்குச் சென்று தலைப்புகளை மட்டும் வாசித்துப் பாருங்கள். ‘தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகளில் பணியாற்றும் செவிலியரிடையே இன்னது குறித்த அறிவை மதிப்பிடும் ஆய்வு’ என்று ஒரே அச்சில் வார்த்த தலைப்புகள் வரிசையாக வரும். அந்த ‘இன்னது’ என்ற இடத்தில் ஒரு காலத்தில் நீரிழிவு இருந்தது. பின்னர் டெங்கு வந்தது. அதன்பின் கொரோனா வந்தது. இப்போது காலநிலை மாற்றமும் வெப்ப அலையும் பேரிடர் ஆயத்தமும் வந்து அமர்ந்திருக்கின்றன. முறையியலும் மாறுவதில்லை. முதலில் ஒரு வினாத்தாள், அடுத்து ஒரு கற்பித்தல் நிகழ்வு, பிறகு மீண்டும் அதே வினாத்தாள். முடிவும் முன்கூட்டியே தெரிந்ததுதான்: செவிலியரின் அறிவு போதுமானதாக இல்லை, பயிற்சி தேவை.

பொதுச் சுகாதாரக் கொள்கையை ஆராய்பவன் என்ற முறையில் இந்த முடிவை நான் மறுக்கிறேன். பயிற்சி வேண்டாம் என்பதன்று என் வாதம். காலநிலை நெருக்கடியில் செவிலியர் ஆற்றக்கூடிய பணி எதனால் தடைப்படுகிறது என்ற கேள்விக்கு, அவர்களுடைய தலைக்குள் மட்டுமே விடை தேடுகிறோம். அவர்களைச் சுற்றி எழுப்பப்பட்ட அமைப்பை அளக்க மறுக்கிறோம். இத்தகைய ஆய்வு அமைப்புக்கு நற்சான்று வழங்கிவிட்டுக் கடைநிலையில் நிற்பவரைக் குற்றவாளியாக்குகிறது.

பாடத்திட்டத்தையே பாருங்கள். இந்தியச் செவிலியர் மன்றம் 2021இல் திருத்திய இளநிலைப் பாடத்திட்டத்தில் சமுதாய நலச் செவிலியத்தோடு சுற்றுச்சூழல் அறிவியலும் நோய்ப்பரவலியலும் இணைக்கப்பட்டுள்ளன. பேரிடர் மேலாண்மையும் கற்பிக்கப்படுகிறது. கற்றுத் தேர்ந்து வெளியே வரும் பட்டதாரி அந்த அறிவைக் கொண்டு என்ன செய்ய அனுமதிக்கப்படுகிறார் என்பதே நாம் கேட்காத கேள்வி.

அகமதாபாத்தை எடுத்துக்கொள்வோம். 2010 மே மாதத்தில் அந்நகரின் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியசைத் தொட்டது. அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என்று பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. அந்தத் துயரத்திலிருந்தே 2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டம் பிறந்தது. இவை நாம் கருத்தரங்குகளில் திரும்பத் திரும்பச் சொல்பவை. அதே கோடையைப் பற்றிய மற்றோர் ஆய்வு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்நகர மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவை ஆராய்ந்தவர்கள், வெப்பம் 42 டிகிரியை எட்டிய பிறகு ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் வெப்பத்தால் பாதிக்கப்பட்டு அங்கே சேர்க்கப்படும் குழந்தைகள் 43 விழுக்காடு கூடியதைக் கண்டனர். மகப்பேற்றுப் பிரிவு அக்கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தது. பின்னர் அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியபோது அந்த எண்ணிக்கை குறைந்தது. புதிய மருந்தோ அயல்நாட்டுக் கருவியோ தேவைப்படவில்லை. கட்டில்கள் கீழே இறங்கின, அவ்வளவே.

மேல்தளக் கூடம் பிற்பகலில் எப்படிக் கொதிக்கும், நள்ளிரவிலும் சுவர் எப்படி அனலைக் கக்கும், எந்தக் கட்டிலில் உள்ள குழந்தை பால் குடிக்காமல் துவளும் என்பவற்றை ஒரு மருத்துவமனையில் முதலில் அறிபவர் யார்? காலையில் சுற்றுக்கு வந்துபோகும் மருத்துவரா? கோப்புகளில் கையெழுத்திடும் கண்காணிப்பாளரா? பணிநேரம் முழுவதும் அங்கேயே நிற்கும் செவிலியரா? விடை எல்லோருக்கும் தெரியும். அடுத்த கேள்விதான் நம்மைச் சங்கடப்படுத்தும். ‘இந்தக் கூடத்தைக் கீழே மாற்றுங்கள்’ என்று ஒரு செவிலியர் எழுத்தில் கொடுத்தால், அதன்மீது குறித்த நாளுக்குள் முடிவெடுத்தாக வேண்டும் என்ற விதி நம் மருத்துவமனைகளுள் எத்தனையில் இருக்கிறது?

மருத்துவமனைக்கு வெளியேயும் இதே நிலைதான். ஒடிசாவில் 1999 அக்டோபர் பெரும்புயல் ஏறத்தாழ 10,000 உயிர்களைக் கொண்டுபோனது. 2019 மே 3 அன்று ஃபானி புயல் பூரி அருகே கரையைக் கடந்தபோது அம்மாநிலத்தில் இறந்தோர் 64 பேர். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் வளர்ந்த எச்சரிக்கை அமைப்பும், புயல் காப்பகங்களும், பன்னிரண்டு லட்சம் மக்களை இடம்பெயர்த்த நிர்வாகத் திறனும் உலகம் பாராட்டியவை, பாராட்டுக்குரியவையே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புயல் வருமுன் நிறைமாதக் கர்ப்பிணிகள் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசேர்க்கப்பட்டார்கள். எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எந்த வாரம் பேறுகாலம் என்பதைச் செயற்கைக்கோள் சொல்லாது. அது துணைச் சுகாதார நிலையத்தில் இருக்கும் ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியரின் பதிவேட்டிலும், தெருத்தெருவாய் நடக்கும் ஆஷா பணியாளரின் நினைவிலும் இருக்கிறது. இதே பணியிலிருப்பவரைக் கேரளத்தில் இளநிலைப் பொதுச் சுகாதாரச் செவிலியர் என்பார்கள். தமிழ்நாட்டில் கிராமச் சுகாதாரச் செவிலியர் என்பார்கள். 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரைகளைக் கேரள மக்களிடம் கொண்டுசேர்த்த களப்பணியிலும் இவர்களே முன்நின்றனர்.

இந்தப் பின்னணியில், தில்லியிலுள்ள கொள்கை ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டை நினைவுகூருங்கள். 18 மாநிலங்களைச் சேர்ந்த 37 வெப்பச் செயல்திட்டங்களை அது ஆராய்ந்தது. வெப்பத்தால் யார் மிகுதியாகப் பாதிக்கப்படுவார்கள் என்பதை முறையாக மதிப்பிட்டவை அவற்றுள் இரண்டே. சமவெளியில் 5,000 பேருக்கும், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது நம் நாட்டின் விதி. தகரக்கூரைக்குக் கீழே தனியாக வாழும் முதியவர் யார், சிறுநீரக நோயோடு செங்கல் சூளைக்குப் போகிறவர் யார், பிள்ளை பெற்றுப் பத்தே நாளானவள் யார் என்பதை வீட்டு வாசல் வரை அறிந்த ஒருவர் அரசு ஊதியத்திலேயே இருக்கிறார். திட்டம் எழுதுவோர் அவரிடம் கேட்பதில்லை. திட்டம் அச்சேறி வந்தபின், துண்டறிக்கைகளை வீடுதோறும் கொடுத்துவரச் சொல்லி அவரிடம் அனுப்புகிறார்கள்.

சட்டமும் இந்த மனநிலையையே காட்டுகிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தில் யார் யார் இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைவர். உள்ளாட்சியின் மக்கள் பிரதிநிதி இணைத்தலைவர். காவல் கண்காணிப்பாளரும் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலரும் பதவிவழி உறுப்பினர்கள். செவிலியத் துறைக்கு அங்கே பெயர்கூட இல்லை. ஆனால் மாவட்ட அளவிலான வேறு இரண்டு அலுவலர்கள் வரை நியமித்துக்கொள்ள மாநில அரசுக்கு அதே பிரிவு இடமளிக்கிறது. மாவட்டப் பொதுச் சுகாதாரச் செவிலிய அலுவலர் என்ற பதவி சில மாநிலங்களில் ஏற்கெனவே உண்டு. அவரை ஆணையத்தில் அமர்த்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, சட்டத்தைத் திருத்தவும் வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும். அந்த ஓர் ஆணையைக்கூட ஏன் நாம் கேட்டதில்லை?

அவசரப் பிரிவின் வாயிலுக்கும் வாருங்கள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைக் கடந்து, நினைவு தடுமாறி வரும் ஒருவருக்கு வெப்பத் தாக்கு ஏற்பட்டிருக்கிறது. முதல் அரைமணி நேரத்துக்குள் அவர் உடலைக் குளிர்வித்தால் பிழைப்பார்; தாமதித்தால் மூளையும் சிறுநீரகமும் கல்லீரலும் ஒவ்வொன்றாகக் கெடும். அவரை முதலில் தொடுபவர் செவிலியர். பனிநீர்த் தொட்டியில் இறக்குவதற்கு அவருக்கு நிலையாணை உண்டா, அல்லது மருத்துவர் வந்து எழுதித் தரும்வரை காத்திருக்க வேண்டுமா என்பது உயிரைத் தீர்மானிக்கும் கேள்வி. இறந்தவரின் கணக்கும் அங்கேதான் தொடங்குகிறது. வந்தவுடன் உடல்வெப்பம் அளந்து பதியப்படாவிட்டால், வெயிலில் விழுந்து செத்த கூலித் தொழிலாளியின் மரணம் மாரடைப்பு என்ற சொல்லுக்குள் புதைந்துபோகும். வெப்ப மரணங்களைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகள் அத்தனையும் அந்த ஒரு பதிவைச் சார்ந்தே நிற்கின்றன. நெரிசல் மிகுந்த இரவுப்பணியில் தனியாளாக நிற்கும் செவிலியர் ஒருவர் அதைப் பதியத் தவறினால், அதை அறிவுக்குறை என்று எழுதுவோமா, ஆள்குறை என்று எழுதுவோமா?

இனி வேலை நிலைமை. 2018இல் தொடங்கப்பட்டு இன்று ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கும் மையங்களில், செவிலியப் பட்டதாரிகள் சமுதாய நல அலுவலர்களாக அமர்த்தப்பட்டார்கள். செவிலியருக்குத் தலைமைப் பொறுப்பு தந்த அரிய முயற்சி அது, வரவேற்கத்தக்கது. ஆனால் பல மாநிலங்களில் அவர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். ஊதியத்தின் ஒரு பகுதி இலக்குகளை எட்டினால்தான் கிடைக்கும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற அச்சத்தோடு வாழ்பவர், ஊர்க் கிணற்றில் ஆலைக்கழிவு கலக்கிறது என்று துணிந்து எழுதுவார் என எதிர்பார்ப்பது நேர்மையன்று. பணிப்பாதுகாப்பு இல்லாத இடத்தில் சமூக நலவாழ்வுக்கான குரல் எழாது. ஆகவே செவிலியரின் பணி நிரந்தரக் கோரிக்கையைத் தொழிற்சங்க விவகாரம் என்று ஒதுக்காதீர்கள். காலநிலைக் கொள்கையின் முதல் நிபந்தனை அதுவே.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும் என அறிவேன். ‘ஏற்கெனவே பளுவில் அழுந்தும் செவிலியர் தலையில் காலநிலையையும் ஏற்றுகிறீர்களே’ என்பது முதலாவது. இந்தக் கவலை நியாயமானது. இன்று நடப்பது அதுவேதான். மருத்துவக் கழிவை வண்ணவாரியாகப் பிரிப்பது முதல் மரக்கன்று நடுவது வரை அனைத்தும் அவர் தலையில் விழுகின்றன. பணியறையில் ஓடும் மின்விசிறிகூட இல்லாத மருத்துவமனை, அவருக்குப் ‘பசுமைத் தூதர்’ என்று பட்டம் சூட்டுகிறது. நான் கேட்பது இதற்கு நேர்மாறானது. கடமை ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. அதற்குரிய ஆளும் நேரமும் முடிவுரிமையும் தரப்படவில்லை.

‘மருத்துவ முடிவுகளை மருத்துவரே எடுக்க வேண்டும்’ என்பது இரண்டாவது. ஆகட்டும். கூடத்தை இடம் மாற்றுவதும், பாதிக்கப்படக்கூடியோர் பட்டியலைத் தொகுப்பதும், முகாமில் கழிப்பறை எங்கே அமைய வேண்டும் என்று சொல்வதும் அறுவை சிகிச்சை அல்ல. அவை கவனிப்பு சார்ந்த முடிவுகள். கவனிப்பே செவிலியத்தின் துறை.

இதை நிறுவிக்காட்டியவர் யார் என்பதையும் நாம் மறந்துவிட்டோம். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விளக்கேந்திய தேவதையாக மட்டுமே நம் செவிலியர் கல்லூரிகளின் விளக்கேற்று விழாக்களில் எஞ்சியிருக்கிறார். கிரிமியப் போரில் படைவீரர்களைக் காயங்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களே அதிகம் கொன்றன என்பதைப் புள்ளிவிவர வரைபடங்களாக்கி அரசாங்கத்தின் முன் வைத்தவர் அவர். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலேயே இந்நாட்டின் குடிநீர், வடிகால், பஞ்சம் பற்றிப் பல்லாண்டுகள் அதிகாரிகளோடு எழுத்தில் போராடியவர். விளக்கை வைத்துக்கொண்டு வரைபடத்தைத் தொலைத்துவிட்டோம். சேவை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, அரசோடு வாதிடும் உரிமையைக் கைவிட்டோம்.

இறந்த செவிலியரைப் போற்றுவதில் நமக்குக் குறையே இல்லை. 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா நோயாளியைக் கவனித்து, அந்நோய்க்கே பலியான லினி புதுசேரிக்காக நாடே கண்ணீர் வடித்தது. அந்த மரியாதை அவருக்கு முற்றிலும் உரியது. உயிரோடிருக்கும் செவிலியருக்குத் திட்டமிடும் மேசையில் ஒரு நாற்காலி தருவதற்குத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

ஆய்வு மாணவர்களிடம் என் வேண்டுகோள் எளியது. அடுத்த தலைப்பைத் தேர்ந்தெடுக்குமுன் கீழுள்ளவற்றை எண்ணிப் பாருங்கள்.

1. உங்கள் மாவட்டத்தின் வெப்பச் செயல்திட்டத்தை, பேரிடர்த் திட்டத்தை எடுங்கள். செவிலியர் என்ற சொல் எத்தனை இடங்களில் வருகிறது, எந்த வினைச்சொல்லோடு வருகிறது? ‘முடிவெடுப்பார்’ என்றா, ‘விநியோகிப்பார்’ என்றா?

2. கடந்த வெள்ளத்தில் அல்லது வெப்ப அலையில் செவிலியர் எழுப்பிய எச்சரிக்கைகள் எவை? அவை எந்த மேசையில் நின்றுபோயின?

3. வெப்ப அலை நாட்களில் உங்கள் மருத்துவமனைக் கூடங்களின் வெப்பநிலை என்ன? ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள்?

4. எந்தெந்த அவசரச் சிகிச்சைகளுக்குச் செவிலியரிடம் நிலையாணை உண்டு? இல்லாத இடத்தில் காத்திருப்பு எத்தனை நிமிடங்கள்?

இவற்றுள் ஒன்றுக்கும் செவிலியரிடம் முன்தேர்வு, பின்தேர்வு நடத்தத் தேவையில்லை. தேர்வு எழுத வேண்டியவை நம் நிறுவனங்கள்.

1947ஆம் ஆண்டின் செவிலியர் மன்றச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசியச் செவிலிய மற்றும் பேறுகாலச் செவிலிய ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. புதிய ஒழுங்குமுறைகள் உருவாகும் காலம் இது. செவிலியரின் பணி எல்லையும் முடிவுரிமையும் எழுத்தில் வர வேண்டுமானால், அதற்கான சான்றுகளை இப்போதே கல்விப்புலம் தர வேண்டும். அடுத்த கோடை நம் ஆய்வேடுகள் ஏற்கப்படும்வரை காத்திராது.

மாற்றுக் கருத்துடையோர் பின்னூட்டத்தில் வாதிடுங்கள். களத்தில் பணியாற்றும் செவிலியர் எழுதினால் அதற்கே முதலில் விடையளிப்பேன். தங்கள் மாவட்டத் திட்டத்தை எடுத்துப் படித்தவர்கள், முதல் கேள்விக்குக் கிடைத்த வினைச்சொல்லை இங்கே பதிந்துவிட்டுப் போங்கள்.