பருவத்துக்குக் கட்டளை இடுவது மூளை!

பிள்ளையைத் திட்டுவதில் பயன் இல்லை

மகளுக்குப் பதினைந்து வயது முடிந்துவிட்டது. இன்னும் வயதுக்கு வரவில்லை. தாய்க்குக் கவலை. "என்ன பாவமோ!" என்று அக்கம்பக்கத்தார் பேசுகிறார்கள்.

இன்னொரு வீட்டில் ஏழு வயதுச் சிறுமிக்கே மார்பு வளருகிறது. "சினிமா பார்த்துக் கெட்டாள்" என்று அவளுக்கு அடி விழுகிறது.

இருவர் மீதும் குற்றம் இல்லை. பருவத்தின் சாவி பிள்ளையின் கையில் இல்லை. மூளையில் இருக்கிறது.

எழுப்பி விடுவது யார்?

மூளையின் அடிப்பக்கத்தில் 'ஹைப்போதலாமஸ்' என்ற சிறிய பகுதி உண்டு. அங்குள்ள சில செல்கள் ஒரு ஹார்மோனை விட்டு விட்டுச் சுரக்கின்றன. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது. பிட்யூட்டரி, ரத்தத்தின் வழியே வேறு இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. அவை பெண்ணின் சினைப்பையையும், ஆணின் விரையையும் வேலை செய்ய வைக்கின்றன. பெண் பூப்பு அடைவதும், பையனுக்கு மீசை அரும்புவதும் இப்படித்தான்.

சிறு வயதில் அந்த செல்கள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றை எழுப்பி விடும் பொருளுக்கு 'கிஸ்பெப்டின்' என்று பெயர்.

சாக்லேட் பெயர்!

1996-ல் அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற ஊரில், புற்றுநோய் ஆராய்ச்சியின்போது இதன் ஜீன் தெரிய வந்தது. 'கிஸ்' என்ற சாக்லேட்டுக்குப் பேர்போன ஊர் அது. ஜீனுக்கும் அந்தப் பெயரே அமைந்தது.

2003-ல் பாஸ்டன், பாரீஸ் நகர ஆராய்ச்சியாளர்கள், ஒரே குடும்பத்தில் பலர் பருவம் அடையாததன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். கிஸ்பெப்டினின் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஜீனில் கோளாறு! பாவமும் இல்லை, சாபமும் இல்லை.

சாப்பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. உடம்பில் சத்து போதவில்லை என்றால் மூளை கட்டளை இடாமல் காத்திருக்கும்.

டாக்டரிடம் போக வேண்டும்

பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்பும், பையனுக்கு 9 வயதுக்கு முன்பும் பருவ அடையாளம் தெரிந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பெண்ணுக்கு 13, பையனுக்கு 14 வயது ஆகியும் அடையாளமே இல்லை என்றாலும் காட்ட வேண்டும். 15 வயது வரை மாதவிலக்கு வராத பெண்ணையும் அழைத்துப் போக வேண்டும்.

பருவத்தைத் தள்ளி வைக்க ஊசி உண்டு. வரவழைக்கவும் மருந்து உண்டு. சீக்கிரம் வரும் பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் எலும்பு முன்னதாகவே முற்றி, பிள்ளை குள்ளமாக நின்றுவிடலாம்.

கோவிலுக்கு நேர்ந்து கொள்ளட்டும். அதோடு டாக்டரிடமும் போகட்டும். பிள்ளையை மட்டும் திட்ட வேண்டாம்!