கணக்கை கம்ப்யூட்டர் போட்டுவிடும். கால்வாயை அளப்பது யார்?

விடிய விடிய மழை. காலையில் கடைக்கதவைத் திறந்தால் முழங்கால் தண்ணீர். அரிசி மூட்டை, பருப்பு மூட்டை எல்லாம் நாசம். "நேத்தே சொல்லியிருந்தா மேலே தூக்கி வெச்சிருப்போமே!" - ஐப்பசி, கார்த்திகை வந்தால் சென்னையில் கேட்கிற புலம்பல் இது.

முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும்!

ஒரு சதுர கிலோ மீட்டரில் 10 செ.மீ. மழை பெய்தால் 10 கோடி லிட்டர் தண்ணீர். அதில் மண்ணுக்குள் போவது எவ்வளவு, கால்வாய்க்கு ஓடுவது எவ்வளவு, எந்தத் தெருவில் எத்தனை மணிக்குப் பொங்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுவிடும்.

அமெரிக்க சுற்றுச்சூழல் இலாகா இதற்கென்றே 'ஸ்வம்' என்ற புரோகிராம் வைத்திருக்கிறது. 1971-ல் வந்தது. இன்று யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். கல்லூரிப் பையன்கள் படிக்கிற 'பைத்தான்' மொழியில் அதை இயக்கலாம். மதகை இப்போதே திறந்தால் என்ன ஆகும், ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே திறந்து மூடிப் பார்க்கலாம். அங்கே தப்பு நடந்தால் யார் வீடும் மூழ்காது!

செய்து காட்டிய ஊர்

அமெரிக்காவில் சவுத் பெண்ட் என்று ஓர் ஊர். மழைத்தண்ணீரும் சாக்கடையும் அங்கே ஒரே குழாயில் ஓடும். பெருமழை வந்தால் கழிவு ஆற்றில் கலந்துவிடும். 2008 முதல் குழாய்களுக்குள் நூற்றுக்கு மேல் அளவுக் கருவிகளை வைத்தார்கள். ஒரு குழாய் நிரம்பினால், இடம் இருக்கிற குழாய் எது என்று கம்ப்யூட்டர் பார்த்து மதகைத் திருப்புகிறது. ஆற்றில் கலந்த கழிவு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

மறக்க முடியுமா?

இங்கே என்ன நடந்தது? 2015 டிசம்பர் 1. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி திறந்துவிடப்பட்டது. 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரி 68-ஐ ஒவ்வொரு விநாடியும் கவிழ்த்தது மாதிரி! அடையாற்றங்கரை மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். எத்தனையோ பேர் பிழைக்கவில்லை. ஏரித் தண்ணீரைக் கையாண்ட விதத்தைத் தணிக்கை அறிக்கையே பிற்பாடு குறை சொன்னது.

அதன் பிறகு மழை, ஏரி, கடல் மட்டம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெள்ள எச்சரிக்கைத் திட்டத்தை மத்திய அரசின் விஞ்ஞானிகள் சென்னைக்குத் தயாரித்துக் கொடுத்தார்கள். 'சி-புளோஸ்' என்று பெயர். ஆனாலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, வேளச்சேரி, பள்ளிக்கரணை மக்கள் படகில்தான் வெளியே வந்தார்கள்.

கோளாறு எங்கே?

காகிதத்தில் கால்வாய் நாலடி ஆழம். உள்ளே ரெண்டடி சேறு என்றால், பாதித் தண்ணீர்கூட ஓடாது. நாலடி என்று நம்பிய கம்ப்யூட்டர், "இந்தத் தெருவில் தண்ணீர் நிற்காது" என்று சொல்லும். பொய் சொன்னது கம்ப்யூட்டரா, தூர் வாராமலே வாரியதாக எழுதிய பேனாவா?

கணக்கு சரியாக வந்தாலும் போதாது. மதகைத் திறக்கச் சொல்லும் பைல், மேஜைக்கு மேஜை கையெழுத்துக்காக நடந்துகொண்டிருந்தால், தண்ணீர் அதுவரை காத்திருக்குமா?

ஆகவே ஐப்பசிக்கு முன்பே ஒவ்வொரு கால்வாயையும் கம்பி விட்டு அளக்க வேண்டும். உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தால் யார் மதகைத் திறப்பது என்று முன்னாடியே முடிவு செய்து, மக்களுக்கும் அறிவிக்க வேண்டும். கம்ப்யூட்டர் சொன்னதை அதிகாரிகள் அறைக்குள் பூட்டி வைக்கக்கூடாது. முதல் நாள் சாயங்காலமே தெருப் பெயர் சொல்லி, தமிழில் எச்சரிக்கை வரவேண்டும்.

மூட்டையை மேலே தூக்கி வைக்கவும், பாட்டியை மாடிக்கு அழைத்துப் போகவும் ஜனங்களுக்கு ஒரு ராத்திரி போதும். அந்த ஒரு ராத்திரியைக் கொடுங்கள்!