நட்சத்திரம் தெரியாத பிள்ளைக்கும் அர்ச்சனை உண்டு

ஓம் சரவணபவ.

போன வெள்ளிக்கிழமை நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லணும். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கோயில்ல அர்ச்சனை டிக்கெட் கவுண்டர்ல சேவைக்கு உட்கார்ந்திருந்தேன். நல்ல கூட்டம். ஒரு அம்மாவும் 15 வயசு மதிக்கத்தக்க ஒரு பொண்ணும் வந்தாங்க. அம்மா தன் பேர், ராசி, நட்சத்திரம் சொன்னாங்க. பொண்ணு, "எனக்குத் தெரியாதுண்ணே"ன்னுச்சு.

அதோட விட்டிருக்கலாம். "பெத்த அம்மாவுக்குத் தெரியாதா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டேன்.

"எனக்கு வேணாம்மா, உங்களுக்கு மட்டும் செய்ங்க"ன்னு சொல்லிட்டு அந்தப் பிள்ளை வெளிய போயிடுச்சு. அப்புறம்தான் அந்த அம்மா மெதுவா சொன்னாங்க: "வளர்ப்புப் பிள்ளை தம்பி. பெத்தவங்க யாருன்னு இப்பதான் தேட ஆரம்பிச்சிருக்கு."

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

நம்ம நாட்டுல 12 வயசுல மைகார்ட் எடுக்கணும். பிறப்புப் பத்திரம் சரியா இல்லாத பிள்ளைங்க அங்கயே "யார் பிள்ளை நீ?"ங்கிற கேள்வியைச் சந்திக்கிறாங்க. ஸ்கூல்லயும் அதே கேள்வி. கோயில் கவுண்டராவது அந்தக் கேள்வி இல்லாத இடமா இருக்க வேணாமா?

சம்பிரதாயம்னு சிலர் சொல்வீங்க. சம்பிரதாயத்திலயே வழி இருக்கு. நட்சத்திரம் தெரியலன்னா சுவாமி பேருக்கு அர்ச்சனை செய்யலாம். கோத்திரம் தெரியாதவங்களுக்குச் சிவ கோத்திரம்னு சொல்ற வழக்கமும் உண்டு. குருக்கள்கிட்ட கேட்டா அவரே சொல்லுவார். ஆண்டாள் நாச்சியாரைப் பெரியாழ்வார் துளசித் தோட்டத்துல கண்டெடுத்தார். அந்த ஆடிப்பூரத்தைத்தான் இன்னிக்கும் அவங்க திருநட்சத்திரமா கொண்டாடுறோம். பெத்தவங்க யாருன்னு யாரும் கேக்கல.

இன்னொரு விஷயம். இப்படித் தேடுற பிள்ளையைப் பார்த்து, "இவ்வளவு பாசமா வளர்த்தும் நன்றி இல்லையே"ன்னு பேசுறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு அப்படிப் பேசாதீங்க. நம்ம முருகனையே பாருங்க. கங்கை சுமந்ததால காங்கேயன். கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் பால் கொடுத்து வளர்த்ததால கார்த்திகேயன். பார்வதி அள்ளி அணைச்சதால கந்தன். இதுல எது உண்மையான பேருன்னு நாம அவனைக் கேட்டதில்ல. எல்லாப் பேரும் சொல்லித்தான் அர்ச்சனை நடக்குது. பெத்த தாயைத் தேடுறதால வளர்த்த தாய் குறைஞ்சு போக மாட்டாங்க.

ஆதரவில்லாத பிள்ளைங்களை அணைக்கிறது நமக்குப் புதுசும் இல்ல. பூச்சோங் சாலையில இருக்கிற சுத்த சமாஜத்தை, போருக்குப் பிறகு சுவாமி சத்தியானந்தா தொடங்கினார். அவருக்குப் பிறகு மதர் மங்களம் தன் வாழ்நாள் முழுக்க அங்க எத்தனையோ பிள்ளைங்களுக்குத் தாயா இருந்தாங்க.

அதனால கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ்னு எந்தக் கோயில்ல சேவை செஞ்சாலும், என்னைப் போன்ற தொண்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். "தெரியாது"ன்னு ஒரு பிள்ளை சொன்னா, அடுத்த கேள்வி வேணாம். "பரவாயில்லம்மா, சுவாமி பேருக்குப் போடலாம்"னு சொல்லி டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுங்க. தேவார வகுப்புலயும் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்லயும் "சொந்தப் பிள்ளையா?"ன்னு கேக்காதீங்க.

அந்தத் தங்கச்சி மறுபடி வரணும்னு வேண்டிக்கிறேன். வந்தா, முதல்ல மன்னிப்பு கேப்பேன். அப்புறம் பேரை மட்டும் கேப்பேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!