ராணுவத் தளத்தில் இரண்டு இரவுகள்

அமெரிக்க விமானப்படைத் தளத்துக்குள் இரண்டு இரவு தங்கினோம் என்று சொன்னால், எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான். “உங்களை எப்படி உள்ளே விட்டார்கள்?”

அத்தானால் விட்டார்கள். என் பெரியப்பா மகளை நாங்கள் ‘கலிஃபோர்னியா அக்கா’ என்போம். அவர் மணந்திருப்பவர் 20 ஆண்டுகள் அமெரிக்க விமானப்படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தமிழ் தெரியாது. ஆனால் ‘அத்தான்’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அவரிடம் ஓர் ஆர்வி இருக்கிறது. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளடங்கிய, ஒன்பது மீட்டர் நீள வண்டி. ஜூன் விடுமுறையில் நானும் என் கணவரும் அக்கா மகனும் அதில் ஏறிக்கொண்டோம். சான் டியேகோவிலிருந்து லாஸ் வேகஸ், அங்கிருந்து சயன் தேசியப் பூங்கா. முதல் நாள் மட்டும் ஏறத்தாழ 530 கிலோமீட்டர். துவாசிலிருந்து சாங்கிக்குப் போவதற்கே பொட்டலம் கட்டிக்கொண்டு புறப்படும் ஆட்கள் நாங்கள்!

அக்கா மகனுக்கு வயது 18. அடுத்த ஆண்டு தேசிய சேவை. படகுத்துறையில் தன்னை அணைத்து அழுது மானத்தை வாங்கிவிடுவார் என்று, தெக்கோங்குக்கு அம்மா வரவே கூடாது என இப்போதே சொல்லி வைத்திருக்கிறான். அதில் அக்காவுக்கு மனக்கசப்பு. இருவரையும் கொஞ்ச நாள் பிரித்து வைக்கலாமே என்றுதான் அவனை எங்களோடு அனுப்பினார்கள்.

நாங்கள் தங்கிய இடம், லாஸ் வேகசின் வடகிழக்கு ஓரத்தில் உள்ள நெல்லிஸ் விமானப்படைத் தளம். ‘தண்டர்பேர்ட்ஸ்’ சாகச விமானக் குழுவின் சொந்த ஊர் இதுதான். 1975இல் தொடங்கிய ‘ரெட் ஃபிளாக்’ போர்ப் பயிற்சியும் இங்கேதான் நடக்கிறது. நம் சிங்கப்பூர் ஆகாயப் படையும் அதில் கலந்துகொண்டிருக்கிறது. இதைச் சொன்னதும்தான் பையன் காதிலிருந்து இயர்ஃபோனைக் கழற்றினான்.

விமானப்படைத் தளங்களில் இருக்கும் இந்தத் தங்குமிடங்களை ‘ஃபேம்கேம்ப்’ என்கிறார்கள். சாலே எடுத்து பார்பிகியூ போடும் நமக்கு இது புரியாத விஷயமல்ல. வாடகை வெளியே உள்ள தனியார் முகாம்களைவிடக் குறைவு. இதைவிட ஆடம்பரமானவையும் உண்டு. ஹவாயின் வைக்கீக்கி கடற்கரையில் ராணுவத்தினருக்கென்றே ‘ஹாலே கோவா’ ஹோட்டல் இருக்கிறது. ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் ‘ஷேட்ஸ் ஆஃப் கிரீன்’. எனக்கென்னவோ சரளைக் கற்களும் நான்கு மரங்களும் கொண்ட ஃபேம்கேம்ப்தான் பிடித்தது.

அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத எங்கள் விவரங்களை அத்தான் முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் வாங்கியிருந்தார். வாசலில் கடப்பிதழைக் காட்டினோம். கண்ட இடத்தில் படம் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே இந்தப் பத்தியில் படம் இல்லை, மன்னிக்கவும்.

ஆர்வி வாழ்க்கையைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்லாத பகுதி தொட்டிகள். நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. கடைசித் தொட்டியைத்தான் முதலில் காலி செய்யவேண்டும். அதன்பின் குளித்த தண்ணீரைத் திறந்துவிட்டால் அதே குழாயை அது கழுவிவிடும். கையுறை கட்டாயம். தொலைபேசியில் இதைக் கேட்ட அம்மா, “இவ்வளவு காசு செலவழிச்சு அங்க போயி இதையா செய்றீங்க?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது விஷயம் மின்சாரம். எங்கள் இடத்தில் 30 ஆம்பியர் இணைப்பு. ஜூன் மாதத்துப் பாலைவன வெயிலில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்க, மைக்ரோவேவில் சாம்பாரும் சுட, கலிஃபோர்னியா அக்கா சோற்றுப் பானையின் பித்தானைத் தட்டினார். எல்லாம் அணைந்தது.

அப்போதுதான் பக்கத்து வண்டிக்காரர் வந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர், ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தார். ஒன்றும் பேசாமல் கம்பத்திலிருந்த பெட்டியைத் திறந்து விசையை மேலே தள்ளினார். விளக்கு வந்தது. அவர் கையில் ஒரு தட்டு சோறும் சாம்பாரும் கொடுத்தோம். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்துவிட்டார்.

அவர் வீட்டை விற்றுவிட்டு ஆர்வியிலேயே ஊர் ஊராகப் போகிறவர். அத்தானைப்போல் 20 ஆண்டு சேவை செய்தவர் அல்லர். இரண்டே ஆண்டுகள், அதுவும் கட்டாய சேவை. 1969 டிசம்பர் 1ஆம் தேதி, பிறந்த தேதிகளைச் சீட்டுகளில் எழுதி, கண்ணாடிக் குடுவையில் போட்டு, தொலைக்காட்சி நேரலையில் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முன்னால் வந்த தேதிக்காரர்கள் முதலில் ராணுவத்துக்குப் போகவேண்டும். இவர் தேதி சீக்கிரமே வந்துவிட்டது.

“4டி மாதிரியா?” என்றான் பையன். 4டி என்றால் என்ன என்று அவருக்கு விளக்குவதற்குள் என் கணவருக்கு வேர்த்துவிட்டது.

வியட்னாமில் குண்டுச் சிதறல் காலில் பாய்ந்திருக்கிறது. காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கமும் கிடைத்தது. ஆனால் இந்த முகாமுக்குள் வர அந்தப் பதக்கம் பல பத்தாண்டுகள் போதவில்லை. பணியில் இருப்பவர்கள், முழுக்காலம் சேவை செய்து ஓய்வுபெற்றவர்கள், மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்கள் போன்றோருக்குத்தான் அனுமதி. 2018இல் சட்டம் மாறி, 2020 ஜனவரி 1 முதல்தான் பர்ப்பிள் ஹார்ட் பெற்றவர்கள், முன்னாள் போர்க்கைதிகள், சேவையால் உடல்நலக் குறைபாடு வந்த மற்ற முன்னாள் வீரர்கள், இவர்களில் சிலரின் பராமரிப்பாளர்கள் எல்லாருக்கும் வாசல் திறந்தது. காயம்பட்டு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து! அவர் இதைப் புகாராகச் சொல்லவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. அத்தானும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை கொடி இறக்கும் நேரம். ஒலிபெருக்கியில் ஊதுகொம்பு கேட்டதும் சாலையில் போன வண்டிகள் ஓரங்கட்டி நின்றன. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், நாயோடு நடந்தவர், எல்லாரும் இசை வந்த திசையைப் பார்த்து நின்றார்கள். நாங்களும் நின்றோம். இசை முடிந்தபிறகும் ஒரு கணம் யாரும் அசையவில்லை. வானொலியில் மூன்று விநாடி சத்தம் நின்றாலே எங்களுக்கு நெஞ்சு அடைத்துவிடும். அங்கே அந்த அமைதி நன்றாக இருந்தது. பக்கத்து வண்டிக்காரர் கால் வலியோடும் ஊன்றுகோல் இல்லாமல் நின்றார்.

இரவு பையன் தானாகவே அவரிடம் போய் உட்கார்ந்தான். நான் பாத்திரம் கழுவுவதுபோல் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சீருடை, சாப்பாடு, தூக்கம் என்று ஏதேதோ கேட்டான். முதல் மூன்று வாரம்தான் நீளமாக இருக்கும் என்றார் அவர். வழியனுப்ப யார் வந்தார்கள் என்று கேட்டதற்கு, அப்பா பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு நேராக வேலைக்குப் போய்விட்டார் என்றார். அம்மா வரவில்லையாம். ஏன் என்று பையன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

காலையில் நாங்கள் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மீந்த சாம்பாரை ஒரு டப்பாவில் ஊற்றி அவர் வண்டிப் படியில் வைத்தார் கலிஃபோர்னியா அக்கா.

சயனுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். செம்பாறை மலைகள் தெரியத் தொடங்கிய இடத்தில், பின்னிருக்கையிலிருந்து பையன் குரல் வந்தது.

“சித்தி, தெக்கோங்குக்கு அம்மா வரட்டும். ஆனா சாப்பாடு கட்டிக்கிட்டு வரவேணாம்னு சொல்லிடுங்க.”

சொல்லிவிட்டேன். அக்கா இப்போதே என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.