வானா? வாலா?

2025 ஆகஸ்டு 23. சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நாளின் இரண்டாம் ஆண்டு விழா. இமாசலப் பிரதேசத்து ஊனாவில், பள்ளிப் பிள்ளைகளை நோக்கி ஒன்றிய முன்னாள் அமைச்சர் அனுராக் தாக்கூர் கேட்டார்: விண்வெளிக்கு முதலில் சென்றவர் யார்? ஆம்ஸ்ட்ராங் என்றனர் பிள்ளைகள். பிழைதான். 1961 ஏப்ரல் 12இல் 108 நிமிடத்தில் உலகைச் சுற்றி இறங்கிய ககாரின் என்று திருத்தியிருக்கலாம். திருத்தினாரா? அனுமன் என்றே தாம் எண்ணுவதாக அருளினார்!

பாட்டி கதையில் அனுமன் பறக்கட்டும், நமக்கு வழக்கில்லை. அறிவியல் நாளில், வகுப்பறையில், வரலாறாகப் பறப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

ஆனால் நம் தோழர் சிலர் மறுகோடிக்கு ஓடுகின்றனர். செவ்வாயில் தேநீர்க்கடை வைத்த பூனையும் பொய்தானே, பிள்ளைகளுக்கு அதை ஏன் தருகிறீர் என்கின்றனர். பொய்தான், தோழர்களே! பொய் என்று சொல்லியே சொல்லும் பொய். பூனைக்கு மூச்சுக்காற்று ஏது என்று குழந்தை கேட்டால் கதை வளர்கிறது. அனுமனுக்கு ஏது என்று கேட்டால் காது திருகப்படுகிறது. வேறுபாடு அங்கேதான்.

1865இல் ழூல் வேர்ன் பீரங்கியில் அடைத்து மனிதரை நிலவுக்குச் சுட்டார். சுட்டால் உள்ளிருப்போர் நசுங்கிச் சாவர். எனினும் அக்கதையால் ஆசை மூண்ட சியோல்கோவ்ஸ்கியே 1903இல் ராக்கெட்டின் கணக்கை அச்சிட்டார். பெரியார் மட்டும் கனவு காணவில்லையா? 1940களில் ‘இனிவரும் உலக’த்தில், ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாத் தந்திக் கருவி இருக்கும் என்றாரே!

புதுக்கோட்டைச் சீமைக்கு இது அயலான பணியன்று. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்த இராயவரம் இங்கே. சிறுவர் இதழ்கள் பல அச்சேறிய நகரம் இது. 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்கள் கையில் கொடுத்தது. ஏச்சுக்கும் பேச்சுக்கும் அஞ்சாமல் கல்லுடைத்த பெண்கள் மிதித்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் கையில் நாம் என்ன தந்தோம்? தேர்வு வினா-விடையும் தொலைபேசித் திரையும்! திரையிலோ புராணப் புளுகு வண்ண வண்ணமாய் வந்து நிற்கிறது.

ஆகவே, திருமயத்திலும் ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் படிப்பகம் நடத்தும் தோழர்கள், அடுத்த ஆகஸ்டு 23 வருமுன், பிள்ளைகளைக் கொண்டே விண்வெளிக் கதைகள் எழுதுவிக்க வேண்டுகிறோம். கீரனூர்ச் சிறுமி சனிக்கோளின் வளையத்தில் சைக்கிள் விடட்டும். அது பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகளாயிற்றே, சக்கரம் எதன்மேல் உருளும் என்று பக்கத்துப் பையன் மறிக்கட்டும்.