கரியடுப்பின் விரிசல்

பழைய இரும்புப் பீப்பாயை வெட்டிப் புறக்கடையில் புகையடுப்பு அமைக்கும் ஆசை, நம்மூர்ப் படித்த இளைஞர் சிலரையும் இப்போது பற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஏறத்தாழ 110 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இறைச்சியைப் பல மணி நேரம் கரிப்புகையில் வைத்து வேகவைப்பார்கள். அதற்கான அடுப்பு ஒன்றைச் செய்து முடித்ததும், அதை மேம்படுத்த எதை வாங்கலாம் என்பதே நண்பர்களின் முதற்கேள்வியாக இருக்கிறது. வெப்பமானியா, காற்றூதும் மின்விசிறியா, தடித்த கம்பித்தட்டா? ஒன்றும் வேண்டாம், முதலில் விரிசலை அடையுங்கள் என்பதே நம் கட்சி.

காரணம் எளியது. கரி எவ்வளவு வேகமாக எரியும் என்பதை முடிவு செய்வது கரியின் அளவன்று. உள்ளே நுழையும் காற்றின் அளவு. கீழே ஒரு வாசல், மேலே ஒரு போக்கு, இரண்டும் நம் கைக்கு அடங்கியவை என்றால் தீயும் நம் கைக்குள் இருக்கும். மூடியின் ஓரத்திலும் கதவின் இடுக்கிலும் காற்று தன்னிச்சையாக நுழையுமானால், கீழ்வாசலை எவ்வளவு மூடினாலும் தீ அடங்காது. வெப்பம் ஏறும், கரி தீரும், உணவின் ஒரு பக்கம் கருகும். வெப்பமானி இந்த அவலத்தை எண்ணாகக் காட்டுமே தவிர மாற்றாது.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இதைப் புதுமைபோலச் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கிறது. வரதராசப் பெருமாள் கோயில் இட்லியை நினைத்துப் பாருங்கள். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ந்த மாவை, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி, ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆவியில் வேகவைக்கிறார்கள். அத்தனை பெரிய இட்லியின் நடுப்பகுதி வேக வேண்டுமானால் ஆவி வெளியேறக் கூடாது, அடியில் தீ ஏறி இறங்கவும் கூடாது. சாயப் பட்டறையிலும் இதே கதைதான். கச்சாப் பட்டின் பசையைச் சோப்பு நீரில் காய்ச்சி நீக்கும்போதும் பின்னர்ச் சாயம் ஏற்றும்போதும் வெப்பம் சீராக இல்லையென்றால் இழையில் நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். நூறு கல் தொலைவுக்குள் இருக்கும் ஆம்பூரில், பிரியாணி அண்டாவை மூடி அதன்மேல் தணலைப் பரப்பித் தம் போடுகிறார்கள். வீடுகளில் மூடியின் விளிம்பைக் கோதுமை மாவால் ஒட்டுவதும் உண்டு. இவர்களுக்கெல்லாம் காற்றடைப்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

குமுட்டி அடுப்பை மறந்துவிட்டோம். இரும்புக் கூடு, உள்ளே களிமண் பூச்சு, நடுவில் கம்பித்தட்டு, கீழே விசிறுவதற்கு ஒரு வாசல். 1980களில் கென்யாவில், தாய்லாந்தின் வாளி அடுப்பைப் பார்த்து, தகரக் கூட்டுக்குள் சுட்ட மண்ணைப் பதித்து ‘ஜிக்கோ’ என்ற அடுப்பை உருவாக்கினார்கள். உலகெங்கும் பாராட்டப்பட்ட அந்த அடுப்பு நம் குமுட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை.

தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா வழிநடத்திய அகில இந்திய கிராமத் தொழிற்சங்கம், வார்தாவின் மகன்வாடியில் புகைபோக்கி வைத்த மண்ணடுப்பை உருவாக்கிப் பரப்ப முயன்றது. ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு இதே பணியைச் செய்து, கோடிக்கணக்கானோருக்கான புகையற்ற சமையலறைகள் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூல் 1953இல் சென்னையில் வெளிவந்தது. பிறகு நடுவணரசின் மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1980களின் தொடக்கத்தில் கிளம்பி 2002இல் கைவிடப்பட்டது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைத்ததாகக் கணக்கு இருந்தது. அமைத்த அடுப்பில் விரிசல் விழுந்தால் யார் பூசுவது, புகைபோக்கியில் கரி அடைத்தால் யார் துடைப்பது என்பதற்குப் பல இடங்களில் விடை இல்லாமற் போயிற்று. புதிது வாங்குவதே மேம்பாடு என்ற எண்ணம் அரசுக்கும் இருந்தது, பீப்பாய் அடுப்பு நண்பர்களுக்கும் இருக்கிறது.

இலக்கியக்காரர்களையும் இவ்விடத்தில் விட்டுவிட முடியாது. குறுந்தொகை 167ஆம் பாடலில் கூடலூர் கிழார், தாளிப்பின் புகை தலைவியின் கண்ணை நிறைப்பதைச் சொன்னார். அதை இல்லறத்தின் இனிமை என்று நாமும் வகுப்பறையில் விளக்கி மகிழ்கிறோம். நவீனக் கதைகளிலும் ஊதுகுழலும் கலங்கிய கண்ணும் சோகத்தின் அடையாளமாக வந்து போகின்றன. அந்தப் பெண் சாம்பலும் சாணமும் மண்ணும் குழைத்து அடுப்பின் விரிசலைப் பூசியதை, எந்தக் கதவை எவ்வளவு திறந்தால் தணல் விடியும்வரை நிற்கும் என்று அறிந்திருந்ததை எழுதியவர்கள் மிகக் குறைவு. புகை அவள் நுரையீரலைத் தின்றது உண்மை. எரிவாயு வந்தது நல்லதே. ஆயினும் அவளது அறிவும் புகையோடு சேர்ந்து போனால் போகட்டும் என்று இருப்பதில் நமக்கு உடன்பாடில்லை.

செய்ய விரும்புவோருக்குச் சில சொற்கள். வெறும் களிமண் உலரும்போது சுருங்கி வெடிக்கும், ஆகவே மணல் கலக்க வேண்டும். உமி கலந்தால் அது எரிந்துபோய் நுண்துளைகளை விட்டுச்செல்லும். அத்துளைகள் வெப்பத்தை உள்ளேயே நிறுத்தும். மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசி, நிழலில் உலர்த்தி, சிறுதீயில் தொடங்கிப் பழக்க வேண்டும். சிமெண்டு சூட்டில் பொரிந்து உதிரும். துத்தநாகம் பூசிய தகரம் சூடேறினால் நச்சுப்புகை விடும், அது அடுப்புக்கு ஆகாது. மூடிக்கும் கதவுக்கும் வெப்பம் தாங்கும் கண்ணாடியிழைக் கயிறு நல்லது. கிடைக்காத நாளில் கோதுமை மாவே போதும். எல்லாம் முடிந்ததும் காற்றில்லாத மாலைப்பொழுதில் தணலிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி இணைப்புகளின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். எங்கே அதன் புகை உள்ளே இழுபடுகிறதோ அங்கே விரிசல் இருக்கிறது.

மழைக்காலத்தில் இந்த அடுப்பைக் கூடத்துக்கோ கதவடைத்த தாழ்வாரத்துக்கோ நகர்த்த ஆசை வரும். நகர்த்தக் கூடாது. நன்றாக எரியும் கரியில் கண்ணுக்குப் புகை தெரியாது. ஆனால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். காற்றைக் குறைத்து எரிக்கும்போது அது இன்னும் மிகும். மூடிய அறையில் கரித்தணலை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் எழாமற்போன செய்தி குளிர்காலந்தோறும் எங்கிருந்தாவது வருகிறது. அடுப்பின் விரிசலை அடைக்கலாம், அது நிற்கும் இடத்தின் சன்னலை அடைக்கலாகாது.