தீயின் முன் சான்றிதழ் பேசாது

2011 டிசம்பர் 9 அன்று அதிகாலை, கொல்கத்தா தாக்குரியா பகுதியிலுள்ள ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பற்றியது. அருகிலிருந்த குடிசைப் பகுதி மக்கள் உதவிக்கு ஓடிவந்தனர். காவலாளிகள் அவர்களை வாயிலிலேயே திருப்பி அனுப்பினர் என்று அன்றைய செய்திகள் கூறின. தீயணைப்புத் துறைக்குத் தகவல் எட்டியதும் தாமதமாகவே. சுமார் 90 பேர் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது தீயன்று, மேல்தளங்களில் சூழ்ந்த புகை.

அந்தக் காவலாளியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. ஆனால், புகை கிளம்பிய முதல் பத்து நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்பதை அறிந்த ஒருவரையேனும் அங்கு நியமிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? இக்கேள்விக்கு நாடு இன்னும் விடை காணவில்லை.

கோவிட் மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் தீப்பாதுகாப்புக்குப் பொறுப்பு அலுவலர் வேண்டும், மாதந்தோறும் தணிக்கை நடைபெற வேண்டும் என்று 2020 டிசம்பர் 18 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. மூன்று வாரங்கள் கழித்து, மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட அரசு மருத்துவமனையில் பத்துப் பச்சிளங் குழந்தைகள் தீ விபத்தில் இறந்தன. 2024 மே 25 அன்று ராஜ்கோட் விளையாட்டு அரங்கில் 27 உயிர்கள் கருகின. அன்றிரவே தில்லி விவேக் விகாரில் பிறந்த குழந்தைகளுக்கான மருத்துவமனை எரிந்தது. இவ்விரு இடங்களிலும் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றிதழ் இருக்கவில்லை.

சான்றிதழ் இல்லாதோரைத் தண்டிக்க வேண்டும். இதில் இருவேறு கருத்தில்லை. சான்றிதழ் இருக்கும் இடங்களில் அது எதற்குச் சான்று என்பதே நமது அடுத்த கேள்வி. மகாராஷ்டிரத்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடத்தின் தீத்தடுப்புக் கருவிகள் இயங்கும் நிலையில் உள்ளன என உரிமம் பெற்ற முகமை ஆண்டுக்கு இருமுறை சான்றளிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். எனினும் முகமையைத் தேர்ந்தெடுப்பவரும் அதற்குக் கூலி கொடுப்பவரும் கட்டட உரிமையாளரே. கூலி கொடுப்பவரின் குறையை எழுதும் துணிவு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பணி நியமனத்திலும் இதே நோய்தான். மிகக் குறைந்த விலைப்புள்ளி கொடுத்த ஒப்பந்ததாரர் ஆட்களை அனுப்புகிறார். பட்டயத் தாள் கோப்பில் சேர்கிறது. தாளுக்குரியவரின் கை குழாயைப் பிடித்ததுண்டா என்று எவரும் பார்ப்பதில்லை. மறுபுறம், பத்தாண்டு ஒப்பந்தக் கூலியாக உழைத்துப் பம்பின் ஒவ்வொரு திருகையும் அறிந்த தொழிலாளி, தாள் இல்லை என்பதால் புறந்தள்ளப்படுகிறார். திறமையை நேரில் சோதிக்கும் முறை மக்களைக் காப்பதோடு அவருக்கும் நீதி வழங்கும்.

அச்சோதனைக்குப் பெருஞ்செலவில்லை. மின்சாரம் துண்டிக்கப்பட்ட நிலையில் டீசல் பம்பை இயக்கிக் காட்டச் சொல்லலாம். எண்ணெய்த் தீக்கும் மின்கசிவுத் தீக்கும் எந்த அணைப்பான் என்று கேட்கலாம். எச்சரிக்கை அமைப்பில் ஒரு குறையை வைத்து, அதைக் கண்டறியச் சொல்லலாம். எழ இயலாத நோயாளிகள் நிறைந்த அறையை இரவில், இருவர் துணையோடு எப்படிக் காலிசெய்வார் என்று செய்து காட்டச் சொல்லலாம். பட்டயத்தை வழங்கிய நிறுவனத்திடமே நேரடியாக உறுதிசெய்யலாம்.

தீயணைப்புத் துறையினரும் தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் முன்னிலையில் இத்தகைய செயல்முறைத் தேர்வு கட்டாயமாக்கப்பட வேண்டும். தணிக்கையாளரை உரிமையாளர் அல்ல, அரசே ஒதுக்கீடு செய்ய வேண்டும். தீப்பாதுகாப்புப் பணி நிரந்தரப் பணியாக வேண்டும். ஏனெனில் வேலை பறிபோகும் அச்சத்தில் இருப்பவரால், பூட்டிய அவசர வழியைத் திறக்கும்படி முதலாளிக்கு உத்தரவிட முடியாது. திறமை மட்டும் போதாது. அதற்கு அதிகாரமும் வேண்டும்.

தீயணைப்புத் துறைகளை நவீனமாக்க ஒன்றிய அரசு 2023இல் ரூ.5,000 கோடித் திட்டத்தை அறிவித்தது. வண்டிகள் வரட்டும். வண்டி வந்து சேரும் வரை உயிர்களைக் காக்க வேண்டியவர் கட்டடத்திற்குள் இருப்பவர். அவரது தகுதியைத் தீ வந்து சோதிக்கும் முன் நாம் சோதித்தாக வேண்டும். ஒவ்வோர் ஆலையிலும் மருத்துவமனையிலும் நமது சங்கங்கள் இக்கோரிக்கையை உடனே எழுப்பட்டும்.